திரும்பி வருவேன் என்பதற்கு என்ன சாட்சி?

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த ஆண்டு எதைப் பற்றிப் பேசப் போகிறீர்கள் என்று அமைப்பாளர்கள் கேட்டார்கள். தாய்லாந்துக்காரர்களின் சுற்றுலா விசாவைப் பற்றி என்றேன். "தாய்லாந்துக்குப் போவதற்கான விசாவா?" என்று திருப்பிக் கேட்டார்கள். கேட்டவர்கள்மேல் தவறில்லை. தாய்லாந்து என்றால் அது நாம் போகிற இடம். அந்த நாட்டில் பிறந்த ஒருவருக்கும் பாரிஸைப் பார்க்க வேண்டும், நயாகரா அருவி முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசை இருக்கும் என்பது நம் நினைவுக்குச் சட்டென்று வருவதில்லை. இன்று அவர்களைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

ஒரு பக்கம் மட்டும் திறந்த கதவு

2019ஆம் ஆண்டில் தாய்லாந்துக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் ஏறக்குறைய 4 கோடிப் பேர். பெருந்தொற்றில் விழுந்த சுற்றுலாத் தொழிலைத் தூக்கி நிறுத்த, 2024 ஜூலை 15 முதல் 93 நாட்டவர் விசா இல்லாமல் வந்து 60 நாள் தங்கலாம் என்று அந்நாட்டு அரசு அறிவித்தது. அமெரிக்கர், பிரிட்டிஷார், ஜெர்மானியர், பிரெஞ்சுக்காரர், ஆஸ்திரேலியர் எல்லாரும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். இந்தியர்களும் இருந்தார்கள். இந்த அவையில் பலர் அப்படிப் போய் வந்திருப்பீர்கள்.

மறுபக்கத்தைப் பாருங்கள். யாரெல்லாம் விசா வாங்கிக்கொண்டுதான் வரவேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2001இல் பொதுப் பட்டியல் ஒன்றை வகுத்தது. 2018இல் அதைத் திருத்தித் தொகுத்தது. இரண்டிலும் தாய்லாந்து உண்டு. பக்கத்திலிருக்கும் மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் புருனேவுக்கும் விசா தேவையில்லை. 2015இல் கிழக்குத் திமோருக்கும் தேவையில்லை என்றாயிற்று. அமெரிக்காவின் விசா விலக்குத் திட்டத்தில் கிழக்கு, தென்கிழக்கு ஆசியாவிலிருந்து ஜப்பான், புருனே, சிங்கப்பூர், தென்கொரியா, தைவான் ஆகியவை இருக்கின்றன, தாய்லாந்து இல்லை. அந்தத் திட்டத்தில் சேர, ஒரு நாட்டவரின் சுற்றுலா விசா விண்ணப்பங்களில் மறுக்கப்படுபவை நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்பது முக்கிய நிபந்தனை. மறுப்பு குறைந்தால்தான் விலக்கு கிடைக்கும். மறுப்பதும் மறுக்காததுமோ அதே அரசின் அதிகாரிகள் கையில் இருக்கிறது.

இந்த ஏற்றத்தாழ்வு தாய்லாந்து ஆட்சியாளர்களையும் உறுத்தாமல் இல்லை. பிரதமராக இருந்த ஸ்ரெத்தா தவிசின் 2024 மார்ச்சில் பாரிஸுக்கும் பெர்லினுக்கும் போனபோது, தம் மக்களுக்கு, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவிலிருந்து விலக்கு வேண்டும் என்று இரு நாட்டுத் தலைவர்களிடமும் பேசினார். ஆனால் அவர் கையில் பேரம் பேசச் சரக்கு எதுவும் இல்லை. "நீங்கள் திறக்காவிட்டால் நாங்களும் மூடுவோம்" என்று சொல்ல, சுற்றுலாவை நம்பி வாழும் ஒரு நாட்டால் முடியாது. நீ எனக்கு, நான் உனக்கு என்பது விசாவின் பழைய நியதி. பணத்தேவை ஒருபக்கம் சாய்ந்திருக்கும்போது அந்த நியதி செல்லாது.

இன்று நான் சொல்ல வருவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாரை உள்ளே விடுவது என்பது ஒவ்வோர் அரசின் உரிமை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 'இவர் திரும்பிப் போவாரா' என்பதைச் சோதிப்பதாகச் சொல்லும் இந்த முறை, உண்மையில் அவருடைய வாழ்க்கை எந்த அளவுக்குக் காகிதத்தில் ஏறியிருக்கிறது என்பதையே சோதிக்கிறது. இரண்டும் ஒன்றல்ல. ஒன்றல்லாததை ஒன்றாக எடுத்துக்கொள்வதால் வரும் நட்டம் முழுவதும் ஏழைகளின் தலையிலும் பெண்களின் தலையிலும் விழுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது

அமெரிக்காவில் 1952இல் இயற்றிய குடியேற்றச் சட்டத்தில் 214ஆம் பிரிவின் 'பி' உட்பிரிவு என்று ஒன்று உண்டு. பாங்காக்கில் விசாவுக்கு அலைந்தவர்கள் பலருக்கு அந்த எண் மனப்பாடம். அதன் சாரம் இது: விண்ணப்பிக்கிற ஒவ்வொருவரும் நிரந்தரமாகக் குடியேறவே வருகிறார் என்றுதான் அதிகாரி முதலில் கொள்ள வேண்டும். அப்படி இல்லை என்று மெய்ப்பிப்பது விண்ணப்பதாரர் பொறுப்பு. குற்றவியல் நீதிமன்றத்தில் நிற்பவரைக் குற்றம் மெய்ப்பிக்கப்படும் வரை நிரபராதி என்று கொள்கிறோம். விசா ஜன்னலில் நிற்பவருக்கு அந்தச் சலுகை இல்லை. அதிலும் அவர் மெய்ப்பிக்க வேண்டியது நடந்த ஒன்றையல்ல. இனிமேல் நடக்காது என்கிற ஒன்றை. பாங்காக்கில் வயர்லெஸ் சாலையில் இருக்கும் அமெரிக்கத் தூதரகத்தில், கண்ணாடிக்கு அப்பாலிருக்கும் அதிகாரியிடம், பெரும்பாலும் சில நிமிடங்களுக்குள்.

ஐரோப்பாவின் விசா நெறித்தொகுப்பு 2009இல் வந்தது. குறித்த காலத்துக்குள் திரும்பிப் போகும் எண்ணம் இவருக்கு இருக்கிறதா என்று நியாயமான சந்தேகம் எழுந்தால் மறுக்கலாம் என்கிறது அதன் 32ஆம் பிரிவு. 2013 டிசம்பரில் கௌஷ்காகி என்ற ஈரானியரின் வழக்கில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் இதை விளக்கியது. பட்டியலில் உள்ள காரணங்களுக்காக மட்டுமே மறுக்க வேண்டும் என்றது. ஆனால் அந்தக் காரணம் பொருந்துகிறதா என்று எடைபோடுவதில் அதிகாரிக்குப் பரந்த உரிமை உண்டு என்றும் சேர்த்துச் சொன்னது. இங்கிலாந்து 'உண்மையான வருகையாளரா' என்று பார்க்கிறது. ஆஸ்திரேலியா 'உண்மையாகவே தற்காலிகமாகத் தங்க எண்ணுகிறாரா' என்று பார்க்கிறது. வாசகங்கள் வேறுபட்டாலும் எல்லாரும் கேட்பது ஒன்றைத்தான்: உன்னைத் திரும்ப இழுத்து வரும் கயிறு எது, காட்டு.

அந்தக் கயிறாக அவர்கள் ஏற்பவை எவை? வேலைச் சான்று, சம்பளச் சீட்டு, ஆறு மாத வங்கிக் கணக்கு, வரி கட்டிய ரசீது, சொத்துப் பத்திரம், திருமணச் சான்று, முன்பு போய்வந்த நாடுகளின் முத்திரைகள். பாங்காக்கில் வங்கியில் வேலை பார்க்கும் ஒருவருக்கு இவையெல்லாம் ஒரு பிற்பகலில் கிடைத்துவிடும். அந்த வங்கிக்கு எதிரே நூடுல்ஸ் கடை போட்டிருக்கும் பெண்ணுக்கு?

காகிதத்துக்கு வெளியே வாழ்கிறவர்கள்

தாய்லாந்தில் வேலை செய்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் முறைசாராத் தொழிலில் இருப்பவர்கள் என்கிறது அந்நாட்டுப் புள்ளியியல் அலுவலகம். நெல் விளைவிப்பவர், சந்தையில் மீன் விற்பவர், மோட்டார் சைக்கிள் டாக்சி ஓட்டுபவர், முடிதிருத்தகம் நடத்துபவர் எல்லாரும் அதில் அடங்குவார்கள். இவர்களுக்குச் சம்பளச் சீட்டு தர முதலாளி இல்லை. விடுப்பு அளித்ததாகக் கடிதம் எழுதித்தர மேலாளர் இல்லை. அண்மைக் காலமாக, 2017இல் வந்த 'பிராம்ப்ட்பே' பணப்பரிமாற்ற முறையால், தெருக்கடையில் விற்ற காசும் வங்கிக் கணக்கில் தடம் பதிக்கிறது. ஆனால் நாற்பது பாட், அறுபது பாட் என்று சொட்டுச் சொட்டாக விழும் அந்த வரவு, மாதம் பிறந்ததும் மொத்தமாக விழும் சம்பளத்தின் மதிப்பைப் பெறுவதில்லை. மற்றவர்களைப் போலக் காட்ட நினைத்து, விண்ணப்பிக்கும் முன் உறவினரிடம் கைமாற்று வாங்கிக் கணக்கில் போட்டுவைப்பார்கள். திடீரென்று வந்த பெருந்தொகைக்குக் கணக்கு எங்கே என்று அதிகாரி கேட்பார். அத்தோடு முடிந்தது.

அடுத்து நிலம். இசான் எனப்படும் வடகிழக்கில் வாழ்பவர்களைத் திரும்ப இழுப்பது நிலம்தான். ஆனால் அங்கே நிலத்துக்குப் பல வகைப் பத்திரங்கள் இருக்கின்றன. முழு உரிமை தரும் 'சனோத்' பத்திரம் உள்ளவர் அதைக் காட்டலாம். 1975ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டத்தின்படி அரசு ஏழை உழவர்களுக்குப் பகிர்ந்து கொடுத்த நிலத்தைப் பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லலாம், விற்க முடியாது. விற்க முடியாததற்குச் சந்தை விலை சொல்வது கடினம். விலை இல்லாத சொத்து விண்ணப்பத்தில் எடை பெறாது. ஆனால் யோசித்துப் பாருங்கள். விற்கக் கூடிய நிலத்தை விற்றுவிட்டு ஒருவர் ஓடிப்போகலாம். விற்க முடியாத நிலத்தை வைத்திருப்பவருக்கு அதில் உழுதால்தான் பயன். அவரைத்தான் ஊர் கெட்டியாகப் பிடித்து வைத்திருக்கிறது. காகிதம் தலைகீழாகச் சொல்கிறது.

வீட்டுப் பதிவேடும் அப்படித்தான். பாங்காக்கில் பதினைந்து ஆண்டுகளாக வேலை செய்பவரின் பெயர் இன்னும் ஊரில் தாத்தா வீட்டுப் பதிவேட்டிலேயே இருக்கும். விண்ணப்பத்தில் ஒரு முகவரி, பதிவேட்டில் இன்னொன்று. பெயரை மாற்றிக்கொள்வதும் அங்கே சாதாரணம். உடல்நலம் சரியில்லை, தொழில் ஓடவில்லை என்றால் சோதிடர் சொல்லும் பெயரைச் சட்டப்படி பதிவுசெய்துகொள்வார்கள். இரண்டு முறை பெயர் மாறியிருந்தால் இரண்டு சான்றிதழ்களையும் தேடியெடுத்து மொழிபெயர்த்து இணைக்க வேண்டும். ஒன்று தொலைந்தாலும், பிறப்புச் சான்றில் இருப்பவரும் கடவுச்சீட்டில் இருப்பவரும் ஒருவரே என்று மெய்ப்பிப்பது தனி வேலையாகிவிடும்.

ஷெங்கன் நாடுகளுக்கு 2023இல் உலகம் முழுவதிலுமிருந்து வந்த விண்ணப்பங்கள் 1 கோடியே 3 லட்சம் அளவில். அவற்றில் நூற்றுக்குப் பதினாறு மறுக்கப்பட்டன. தாய்லாந்திலிருந்து வந்தவற்றில் மறுக்கப்பட்ட விகிதம் இந்தச் சராசரியைவிடக் குறைவு. அப்படியானால் இங்கே சிக்கல் எங்கே என்று கேட்பீர்கள். விண்ணப்பித்தவர்களைத்தான் அந்தக் கணக்கு எண்ணும். பாங்காக்கின் சம்பளக்காரரும், முகவர் மூலம் குழுவாகப் போகும் வசதி படைத்தவரும் அதில் நிறைந்திருப்பார்கள். "உனக்குக் கிடைக்காது, கட்டணத்தை வீணாக்காதே" என்று முகவர் வாசலிலேயே திருப்பி அனுப்பியவரை எந்தத் தூதரகமும் எண்ணுவதில்லை. அவர் மறுக்கப்படவில்லை, அவர் கேட்கவே இல்லை.

தனியாக வரும் பெண்

எல்லாரையும்விட அதிகமாகச் சந்தேகிக்கப்படுபவர் யார் என்று கேட்டால், தாய்லாந்தில் எவரும் தயங்காமல் சொல்வார்கள்: முப்பது வயதுக்கு உட்பட்ட, மணமாகாத, இசான் பகுதிப் பெண். மேலைநாட்டுக்காரரை அங்கே 'பராங்' என்பார்கள். ஒரு பராங் நண்பர் அழைத்து, அவர் ஊரைப் பார்க்கப் போகிறேன் என்று அவள் சொன்னால் சந்தேகம் இரட்டிப்பாகும். உடோன் தானி, கோன் கேன் போன்ற மாகாணங்களில் பராங் மருமகன்கள் கட்டிய வீடுகள் ஊருக்கு ஊர் தெரியும். அதனால் அழைப்புக் கடிதத்தைப் பார்த்ததும் அதிகாரி ஒரு கதையை மனத்தில் எழுதிவிடுகிறார்.

அவளிடம் பணம் இல்லை என்றால் செலவை யார் ஏற்பது என்ற கேள்வி வரும். நண்பர் ஏற்கிறார் என்றால், அவர் எதற்காக ஏற்கிறார் என்று அடுத்த கேள்வி. உறவு புதிது என்றால் நம்பகமில்லை. பழையது என்றால் அங்கேயே தங்கிவிடுவாள். ஊரில் அவளுக்குக் குழந்தை இருந்து, பாட்டியிடம் வளர்ந்தால், குழந்தையை விட்டுவிட்டு வேலைக்குப் போனவள் விட்டுவிட்டு வெளிநாடும் போவாள் என்று அதிகாரி நினைக்கக்கூடும். ஆனால் குழந்தை பாட்டியிடம் வளர்வது இசானில் பல ஊர்களின் அன்றாடம். பாட்டியும் குழந்தையும் சோறு உண்பதே அவள் மாதம் அனுப்பும் பணத்தில். பெற்றோரைக் காப்பது அங்கே மகளின் கடமையாகக் கொள்ளப்படுகிறது. அந்தக் கடமைக்குச் சான்றிதழ் தரும் அலுவலகம் ஏதும் இல்லை.

இதில் ஒரு சட்டப் பொறியும் இருக்கிறது. அமெரிக்காவில் இருக்கும் ஒருவரை மணக்கலாமா என்று முடிவெடுக்கும் முன், அந்த ஊரையும் அவர் வீட்டையும் பார்த்துவிட்டு வரலாம் என்று ஒரு பெண் நினைப்பது புத்திசாலித்தனம்தானே? அதற்கு விசா இல்லை. சுற்றுலா விசா கேட்டால் காதலனே தடையாகிறான். மணமகள் விசா கேட்டால், அமெரிக்காவில் இறங்கிய 90 நாளுக்குள் அவனை மணந்தே தீர வேண்டும்; இல்லையேல் திரும்ப வேண்டும். ஒரு பயணத்துக்காக ஒரு திருமணத்தை முன்தள்ளும் ஏற்பாடு இது. இந்த நெருக்கடியில் சிலர், முகவர் பேச்சைக் கேட்டு, காதலன் இருப்பதையே படிவத்தில் மறைத்துவிடுகிறார்கள். அது தெரியவந்தால் சாதாரண மறுப்போடு போகாது. பொய்த்தகவல் தந்தவர் என்ற பெயரில் அமெரிக்கா வாழ்நாள் தடையே விதிக்கலாம். இங்கிலாந்து பத்தாண்டுத் தடை விதிக்கும். பின்னாளில் உண்மையாகவே மணந்துகொண்டு கணவனிடம் போக நினைக்கும்போது அந்தப் பழைய பொய் வந்து குறுக்கே நிற்கும்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். இந்தச் சந்தேகம் வெறும் கற்பனையில் பிறந்ததல்ல. 1995 ஆகஸ்ட் 2 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் அருகே எல் மான்டே என்ற ஊரில் முள்கம்பி சூழ்ந்த குடியிருப்பு ஒன்றிலிருந்து 72 தாய்லாந்துத் தொழிலாளர்கள் மீட்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்கள். கடன் என்ற பெயரால் அடைத்துவைக்கப்பட்டு, சிலர் ஆண்டுக்கணக்கில் துணி தைத்தவர்கள். அமெரிக்காவில் ஆட்கடத்தலுக்கு எதிராக 2000இல் வந்த சட்டத்துக்குத் தூண்டுதலாக இருந்தவற்றில் இந்த வழக்கும் ஒன்று. பாலியல் தொழிலுக்காகத் தாய்லாந்துப் பெண்கள் ஐரோப்பாவுக்குக் கடத்தப்பட்ட வழக்குகளும் உண்டு. விசா அதிகாரிகள் இவற்றை மனத்தில் வைத்திருப்பது நியாயம். ஆனால் கடத்தலுக்கு ஆளாகக்கூடியவள் என்று கருதி ஒரு பெண்ணின் விண்ணப்பத்தை மறுக்கும்போது, கடத்துபவனுக்கு அதனால் நட்டம் ஏதுமில்லை. அவனிடம் போலிக் காகிதம் தயாராக இருக்கும். உண்மைக் காகிதம் மட்டும் வைத்திருப்பவள்தான் வெளியே நிற்கிறாள்.

பெர்ரி பறிக்கப் போனவர்கள்

இந்தச் சொற்பொழிவுக்காகப் படித்தவற்றில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது பின்லாந்துக் கதை. அந்நாட்டுக் காடுகளில் கோடையில் காட்டு பெர்ரிகள் பழுக்கும். எவர் காடானாலும் யாரும் போய்ப் பறிக்கலாம் என்பது அங்கே வழிவழி வந்த உரிமை. பறிக்க உள்ளூரில் ஆள் போதவில்லை. எனவே பல ஆண்டுகளாக ஒவ்வொரு கோடையிலும் ஆயிரக்கணக்கான தாய்லாந்துக்காரர்களை, பெரும்பாலும் இசான் உழவர்களை, அழைத்துச் சென்றார்கள். எந்த விசாவில்? ஷெங்கன் குறுகியகால விசாவில். அவர்கள் தொழிலாளர்கள் அல்லர், தாமாகக் காட்டுக்குப் போய்ப் பழம் பறித்து விற்பவர்கள் என்று அதற்கு விளக்கம் சொல்லப்பட்டது.

சம்பளச் சீட்டு இல்லாத அதே உழவர். விற்க முடியாத அதே நிலம். அதே மெலிந்த வங்கிக் கணக்கு. ஹெல்சிங்கியைச் சுற்றிப் பார்க்க வருகிறேன் என்றால் சந்தேகம். காட்டில் முதுகு வளைக்க வருகிறேன் என்றால் விசா. பருவம் முடிந்ததும் அவர்கள் ஊருக்குத் திரும்பினார்கள். பலர் அடுத்த ஆண்டும் போனார்கள். ஏழை உழவர் திரும்பி வருவார் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டுமா? பயணச் செலவுக்குக் கடன் வாங்கிப் போனவர்கள் பலர் கடனோடே திரும்பினார்கள். ஆட்கடத்தல் புகார்கள் எழுந்து, விசாரணைகள் நடந்து, 2024 பருவத்தில் பெர்ரி பறிக்க வரும் தாய்லாந்துக்காரர்களின் ஷெங்கன் விண்ணப்பங்களை ஏற்பதில்லை என்று பின்லாந்து வெளியுறவு அமைச்சகம் முடிவுசெய்தது. பிறகு அவர்களைப் பருவகாலத் தொழிலாளர் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். அது நல்ல திருத்தம். ஆனால் இந்தக் கதை ஒன்றைக் காட்டிக் கொடுத்துவிட்டது: திரும்பி வருவாரா என்ற கேள்வி எல்லா வேளையிலும் ஒரே கடுமையோடு கேட்கப்படுவதில்லை.

கட்டணமும் தொலைவும்

அமெரிக்கச் சுற்றுலா விசாவுக்கு விண்ணப்பக் கட்டணம் 2023 ஜூன் முதல் 185 டாலர். ஏறக்குறைய 6,000 பாட். இசானில் ஒரு நாள் குறைந்தபட்சக் கூலி 350 பாட் அளவில் என்று வைத்துக்கொண்டால் பதினேழு நாள் கூலி. விசா வழங்கப்படும்போது மேலும் 250 டாலர் வாங்க வழிசெய்யும் சட்டம் 2025 ஜூலையில் வந்தது. ஷெங்கன் கட்டணம் 2024 ஜூனில் 80 யூரோவிலிருந்து 90 ஆனது. அதனோடு 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் எடுக்க வேண்டும். இங்கிலாந்தின் ஆறு மாத விசா 2025 ஏப்ரலில் 127 பவுண்டு ஆனது. மறுத்தாலும் விண்ணப்பக் கட்டணம் திரும்ப வராது.

இது போக மொழிபெயர்ப்புக் கூலி, விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம், பயணச் செலவு. விரல் ரேகை கொடுக்க நேரில் போக வேண்டும். உடோன் தானியிலிருந்து பாங்காக் 550 கிலோமீட்டருக்கு மேல். ஒரு இரவுப் பேருந்துப் பயணம். அமெரிக்காவுக்குச் சியாங் மாயில் துணைத்தூதரகம் இருக்கிறது. ஆனால் அது இருப்பது வடக்கே, இசானுக்குப் பக்கத்தில் இல்லை. விண்ணப்பம் வாங்கும் வேலையைப் பல அரசுகள் தனியார் நிறுவனங்களிடம் விட்டுவிட்டன. 2001இல் மும்பையில் அமெரிக்கத் துணைத்தூதரகத்துக்காகத் தொடங்கிய ஏற்பாடு இன்று உலகெங்கும் பரவியிருக்கிறது. மையத்தில் இருப்பவர் கோப்பை வாங்கி வைப்பார். முடிவெடுப்பவர் வேறெங்கோ இருப்பார். எதிரே இருப்பவரிடம் விளக்கம் சொல்லிப் பயனில்லை. பயனுள்ளவரோ எதிரே இல்லை.

முடிவெடுப்பதிலும் எந்திரம் புகுந்தது. இங்கிலாந்து உள்துறை 2015 முதல் விண்ணப்பங்களைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வண்ணமிட்டுப் பிரிக்கும் கணினி நிரலைப் பயன்படுத்தியது. விண்ணப்பதாரரின் நாடும் அந்த வண்ணத்தைத் தீர்மானிக்கும் காரணிகளில் ஒன்று. சிவப்பு விழுந்தால் கூடுதல் ஐயம், கூடுதல் தாமதம். குடிமக்கள் அமைப்புகள் வழக்குத் தொடுத்தபின் 2020 ஆகஸ்டில் அது கைவிடப்பட்டது. எந்தெந்த நாட்டுக்கு என்ன வண்ணம் என்ற பட்டியலை வெளியிடவே இல்லை.

முறையிட எங்கே போவது

மறுக்கப்பட்டவர் என்ன செய்யலாம்? அமெரிக்காவில் மேல்முறையீடு கிடையாது. மறுபடி கட்டணம் கட்டி மறுபடி விண்ணப்பிக்கலாம். தூதரக அதிகாரியின் விசா முடிவில் நீதிமன்றங்கள் தலையிடுவதில்லை என்பது அங்கே வேரூன்றிய கோட்பாடு; 2024 ஜூனில் முன்யோஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை மீண்டும் உறுதிசெய்தது. இங்கிலாந்து 1993இல் வருகையாளரின் மேல்முறையீட்டு உரிமையை எடுத்தது. உறவினரைப் பார்க்க வருபவர்களுக்கு 2000இல் திருப்பிக் கொடுத்தது. 2013இல் மறுபடி எடுத்துவிட்டது.

ஐரோப்பாவில் உரிமை உண்டு. காரணத்தைக் குறித்த படிவத்தையும் தருகிறார்கள். ஆனால் அது முன்கூட்டியே அச்சிட்ட காரணங்களுக்கு எதிரே குறியிட்ட தாள். எந்த ஆவணத்தைப் பார்த்து ஐயம் வந்தது என்பது அதில் பெரும்பாலும் இருக்காது. ஜெர்மனியில் தூதரகத்திடமே மறுபரிசீலனை கேட்கும் எளிய வழி ஒன்று இருந்தது. 2025 ஜூலை முதல் அதுவும் இல்லை. இனி பெர்லின் நிர்வாக நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். பத்து நாள் சுற்றுலாவுக்காக உடோன் தானியில் இருக்கும் ஒருவர் பெர்லினில் ஜெர்மன் மொழியில் வழக்காடுவாரா?

இன்னொரு முரணையும் சொல்ல வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004ஆம் ஆண்டு விதிப்படி, ஒன்றியக் குடிமகனின் மனைவி கணவனோடு வேறோர் உறுப்பு நாட்டுக்குப் போனால் கட்டணமில்லாமல், விரைவாக விசா தர வேண்டும். கணவனின் சொந்த நாட்டுக்கு அந்த விதி பொருந்தாது. பிரெக்ஸிட் முழுமையாகும் வரை, பிரிட்டிஷ் கணவனோடு தாய்லாந்து மனைவி பாரிஸுக்கு இலவச விசாவில் போக முடிந்தது. மாமியாரைப் பார்க்க மான்செஸ்டர் போவதற்குக் கட்டணமும் கட்டி, திரும்பி வருவேன் என்றும் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது.

ஜப்பானும் கொரியாவும்

விசா வேண்டாதவருக்குத்தான் விசா எளிதில் கிடைக்கும். கடன் வேண்டாதவருக்கு வங்கி வீடு தேடி வந்து கடன் கொடுப்பது போல. 2023 ஜூனில் கனடா தாய்லாந்துக்குச் சலுகை ஒன்றை அறிவித்தது. கடந்த பத்தாண்டில் கனடா விசா பெற்றிருந்தாலோ, கையில் செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தாலோ, விசா இல்லாமல் மின்னணு அனுமதியோடு பறக்கலாம். ஏற்கெனவே கதவு திறந்தவர்களுக்கு இன்னொரு கதவும் திறந்தது. முதல் கதவைத் திறப்பது எப்படி என்பதுதான் கேள்வி.

ஜப்பான் அதற்கு ஒரு விடை சொன்னது. 2013 ஜூலை 1 முதல் தாய்லாந்துக்காரர் 15 நாள் விசா இல்லாமல் வரலாம் என்றது. 2012இல் ஜப்பானுக்குப் போன தாய்லாந்துப் பயணிகள் 2 லட்சத்து 60 ஆயிரம். 2013இல் 4 லட்சத்து 50 ஆயிரத்தைத் தாண்டினர். 2019இல் 13 லட்சத்துக்கும் மேல். சிலர் காலம் கடந்து தங்கத்தான் செய்தார்கள். அந்த எண்ணிக்கை கூடவும் செய்தது. ஆனால் லட்சக்கணக்கில் வந்து போனவர்களோடு ஒப்பிட்டால் அது சிறு பங்குதான். ஜப்பான் கதவை மூடவில்லை.

கொரியாவின் கதை வேறு. 1981 ஒப்பந்தத்தின்படி தாய்லாந்துக்காரர் 90 நாள் விசா இல்லாமல் போகலாம். ஆனால் அங்கே கூலி அதிகம், ஆள்தேவை அதிகம். அனுமதியின்றித் தங்கி வேலை செய்யும் தாய்லாந்துக்காரர் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டியது. கொரியா 2021இல் மின்னணு முன் அனுமதியைக் கொண்டுவந்தது. இன்சியான் விமான நிலையத்தில் பலரைத் திருப்பி அனுப்பியது. பயணத்துக்குச் செலவழித்துப் போய் வாசலில் திருப்பப்பட்டவர்கள் கொதித்து, 2023இல் கொரியப் பயணத்தைப் புறக்கணிப்போம் என்று சமூக ஊடகங்களில் இயக்கமே நடத்தினார்கள். மேலைநாட்டு அதிகாரிகள் கொரியாவைத்தான் சுட்டிக்காட்டுவார்கள். அவர்கள் அச்சத்தை நான் தள்ளிவிடவில்லை. ஆனால் கொரியாவில் தங்கியவர்களைத் தங்க வைத்தது, சட்டவழியில் போதிய இடம் தராமல் வேலையை மட்டும் தந்த தொழில்துறை. வேலைக்கு நேர்வழி இல்லாத இடத்தில் சுற்றுலா வழி வேலை வழியாகிவிடும். பின்லாந்தும் கடைசியில் புரிந்துகொண்டது அதைத்தான்.

என்ன செய்யலாம்

எல்லைகளை எல்லாம் அழித்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்பது மூன்று.

முதலாவது, மறுப்புக்கு உரிய காரணத்தைச் சொல்லுங்கள். எந்த ஆவணம் போதவில்லை, எதில் ஐயம் என்று நான்கு வரி எழுதினால், அடுத்த முறை அவர் அதற்குப் பதில் தருவார். உங்களுக்கும் வீண் விண்ணப்பங்கள் குறையும்.

இரண்டாவது, எதைச் சாட்சியாக ஏற்பது என்பதை விரித்துப் பாருங்கள். தாய்லாந்தில் வேளாண்மை மற்றும் வேளாண் கூட்டுறவு வங்கி 1966 முதல் இயங்குகிறது. பிணையாக வைக்க நிலப்பத்திரம் இல்லாத உழவர்கள் குழுவாகச் சேர்ந்து, ஒருவர் கடனுக்கு மற்றவர்கள் பொறுப்பேற்றுக் கடன் வாங்குவார்கள். கடன் ஓடவும் வைக்கும் என்பீர்கள்; சில வேளை உண்மைதான். ஆனால் பத்தாண்டுகளாகத் தவணை தவறாமல் கட்டியவருக்கு அண்டை வீட்டார் இன்றும் பொறுப்பு நிற்கிறார்கள் என்பது, அவரை ஊர் எப்படி மதிக்கிறது என்பதற்கு எந்தச் சம்பளச் சீட்டையும்விட நல்ல சான்று. அந்தக் கணக்கு வங்கியில் எழுத்தில் இருக்கிறது. கேட்டால் கிடைக்கும். கேட்பார் இல்லை.

மூன்றாவது, முதல் பயணத்தைச் சிறியதாகவாவது கொடுங்கள். பத்து நாள் விசா கொடுங்கள். போய்த் திரும்பினால் அடுத்தது முப்பது நாள். முறையாக வந்து போனவருக்கு அடுத்தடுத்து நீண்டகால விசா தரும் படிநிலை 2020 முதல் ஷெங்கன் விதியிலேயே இருக்கிறது. முதல் படியில் கால்வைக்க இடமில்லாதவருக்கு அந்த ஏணியால் பயனில்லை. பிணைத்தொகை கட்டினால் விடுகிறோம் என்ற வழியும் உண்டு. உறவினர் அழைக்கும் விசாவுக்கு ஆஸ்திரேலியா 15,000 ஆஸ்திரேலிய டாலர் வரை பிணை கேட்கலாம். அது ஏழைக்கு இன்னொரு பூட்டு. திரும்பி வருவதை முன்கூட்டியே மெய்ப்பிக்க எவராலும் முடியாது. திரும்பி வந்து காட்டத்தான் முடியும். அதற்கு முதலில் போக வேண்டும்.

தாய்லாந்து அரசுக்கும் ஒரு சொல். போலி வங்கிக் கணக்கும் போலி வேலைக் கடிதமும் செய்து விற்கும் முகவர்களை ஒடுக்குங்கள். பிடிபடும் ஒவ்வொரு போலிக் காகிதமும் நேர்மையான நூறு பேரின் காகிதத்தைச் சந்தேகத்துக்கு உள்ளாக்குகிறது. மியன்மாரிலிருந்தும் கம்போடியாவிலிருந்தும் உங்கள் எல்லைக்கு வருபவர்களை நீங்கள் எப்படி நடத்துகிறீர்கள் என்பதையும் பாருங்கள். பாரிஸிடம் கேட்கும் மரியாதையை மியன்மார் எல்லையிலுள்ள மே சோட்டில் கொடுத்துப் பழகியவர் குரலுக்குத்தான் வலிமை இருக்கும்.

இது நமக்கு என்ன என்று சிலர் நினைக்கலாம். ஷெங்கன் பட்டியலில் தாய்லாந்து இருக்கும் பக்கத்தில்தான் இந்தியாவும் இருக்கிறது. 214ஆம் பிரிவு சென்னையிலும் அதே பிரிவுதான். ஆனால் நமக்கும் நடக்கிறது என்பதற்காக மட்டும் இதில் அக்கறை கொள்ள வேண்டியதில்லை. தாய்லாந்தின் விருந்தோம்பலை விசா இல்லாமல் அனுபவித்தவர்கள் நாம். விருந்து வைத்தவர் தாமும் ஒரு முறை வெளியே போய்வர நினைத்தால் அவர்முன் என்னென்ன வைக்கப்படுகின்றன என்று தெரிந்துவைத்திருப்பது விருந்தினரின் குறைந்தபட்ச மரியாதை.